இரண்டு பத்துக்கு இறங்கிய கூடை

நான் பேய்க் கதை சொல்லிச் சம்பாதிக்கிறவள். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நேப்பிள்ஸ் நகரத்தில் முப்பது வருடமாகக் கைடு வேலை. காலையில் தேவாலயங்கள். பிறகு பொரித்த பீட்சா. அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் குடில் பொம்மை விற்கும் தெருவில் பேரம். நடுநடுவே பேய். இந்த மாளிகைக் கிணற்றில் தலையில்லாத இளவரசன், அந்தப் படிக்கட்டில் அழுகிற கன்னியாஸ்திரீ... எல்லாம் என் சொந்தச் சரக்கு. கொஞ்சம் பயம் தட்டினால்தான் வெளியூர்க்காரர்களுக்குச் சாப்பாடு ருசிக்கும்.

இதை மட்டும் அவர்களிடம் நான் சொன்னதே இல்லை. ஏனென்றால் இது நடந்தது. அந்த ஆகஸ்டில் ஒரு கயிற்றின் முனையில் ஒரு மனித உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே நின்றவள் நான். அது ஒரு உயிர் என்று எனக்குக் கடைசி நாள்வரை தெரியாது.

ஆகஸ்ட் மாதம் எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சொந்த ஊர்க்காரன் ஒருவன்கூட இருக்க மாட்டான். எல்லோரும் கடலுக்கு, மலைக்கு. கடைகளில் 'விடுமுறை' என்று அட்டை தொங்கும். மிஞ்சுகிறவர்கள் சுற்றுலாக்காரர்கள், அவர்களை நம்பிப் பிழைக்கும் என்னைப் போன்றவர்கள், அப்புறம் போக்கிடம் இல்லாத கிழடுகள். என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போய்ப் பதினோரு வருடம். மகன் வடக்கே தூரின் நகரத்தில். "இந்தத் தடவை கண்டிப்பா வர்றேம்மா" என்றான். வரவில்லை. அவன் வரமாட்டான் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவன் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு வைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பேய் ராத்திரியில் வராது. மதியச் சாப்பாடு முடிந்து, ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் வேளையில்தான் வரும் என்பார்கள். சின்ன வயதில் அந்த நேரத்தில் தெருவுக்கு ஓடினால் அம்மா செருப்பைக் கழற்றுவாள். கைடு ஆனபிறகு அந்தப் பயமெல்லாம் போய்விட்டது. அந்த நேரத்தில்தான் எனக்கு வேலை முடியும்.

ஆகஸ்ட் பதினொன்று. செவ்வாய்க்கிழமை.

அன்று ஒரு டச்சுத் தம்பதி. பாதாளக் கல்லறை பார்த்தார்கள், பொம்மை வாங்கினார்கள், வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். "உண்மையான நேப்பிள்ஸைக் காட்டுங்கள்" என்றார் அந்த அம்மாள். சரியென்று ஒரு குறுகலான சந்து வழியாகக் கூட்டி வந்தேன். கொடியில் காயும் உள்பாவாடையைக்கூட விடாமல் இரண்டு பேரும் படம் எடுத்தார்கள்.

மணி இரண்டு பத்து.

கிரீச்... கிரீச்...

தலைக்கு மேலே கப்பி சுற்றும் சத்தம். என் முகத்துக்கு நேரே ஒரு கூடை இறங்கி வந்து நின்றது. கைப்பிடியில் நீலத் துணி ஒன்று முடிச்சுப் போட்டிருந்தது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. படி இறங்க முடியாதவர்கள் கயிற்றில் கூடையைக் கட்டி இறக்குவார்கள். கடைக்காரர் சாமானை வைப்பார். மேலே இழுத்துக்கொள்வார்கள். கடை பூட்டியிருந்தால், கீழே யார் நிற்கிறாரோ அவர்தான் அன்றைக்குக் கடைக்காரர். யாரும் அண்ணாந்து முகத்தைப் பார்ப்பதில்லை. கூடையைத்தான் பார்ப்போம். அந்தப் பழக்கம்தான் என்னை ஏமாற்றியது.

"அசுந்தா... கொஞ்சம் நில்லும்மா."

பெண் குரல். என் பெயர் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. முப்பது வருடமாக இந்தச் சந்துகளில் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

"யாரும்மா அது?"

"நாலாம் மாடி. நல்லாப் பழுத்த பீச் பழம் வேணும். மெத்துனு ரொட்டி. தண்ணி."

முனையில் பங்களாதேஷ்காரர் மளிகைக் கடை ஒன்றுதான் திறந்திருந்தது. வாங்கி வந்து வைத்தேன். காசு கேட்க வாய் வரவில்லை. ஆகஸ்டில் ஊரில் மிஞ்சியவர்களுக்குள் என்ன கணக்கு?

"மேலே வாயேன்மா."

"நாலு மாடியா? இந்த வெயில்லயா? என்னைக் கொல்லப் பாக்கிறியா நீ? இன்னொரு நாள் வர்றேன்."

கூடை மேலே போனது. கண் கூசியதால் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. திரும்பினால், அந்த டச்சு அம்மாள் என்னையே ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சிரித்தாள். உள்பாவாடையை விடாதவர்கள் கூடையை ஒரு படம்கூட எடுக்கவில்லை.

மறுநாள் நான் தனியாகத்தான் வந்தேன். அதே சந்து. அதே இரண்டு பத்து.

கிரீச்... கிரீச்...

"அசுந்தா. கொஞ்சம் ரிக்கோட்டா. பால். பழம் நேத்து மாதிரியே பழுத்ததா."

பாலும் மெத்தென்ற பாலாடைக்கட்டியும் பழமும்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன், உனக்குப் பல்லெல்லாம் கொட்டிப்போச்சா?"

"சாப்பிடுறது நான் இல்லம்மா."

"அப்புறம் யாரு?"

"மேலே வா. வந்து பாரு."

சாமானை வைக்கும்போது கைப்பிடியில் என் விரல் பட்டது. சில்லென்று இருந்தது. முப்பத்தெட்டு டிகிரி வெயிலில் சுவரைத் தொட்டால் கை சுடும். அந்தப் பிரம்பு மட்டும் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது. பினாயில் வாசனை வேறு. வீடு துடைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். அன்று எனக்குப் பயமே இல்லை. சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் உறைத்தது: ஒரு வாரமாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்தக் குரல் மட்டும்தான். மறுநாள் இரண்டு பத்து எப்போது வரும் என்று மனசு ஏங்கியது. அவ்வளவு தனியாக இருந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை மதியம் மிம்மோவின் காபிக் கடையில் நின்றேன். அந்தச் சந்து முனையில் ஆகஸ்டிலும் திறந்திருக்கும் ஒரே காபிக் கடை. மிம்மோவுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏம்மா அசுந்தா, இந்த நேரத்துல தெருவுல நடக்கிறது ரெண்டே பேரு. ஒண்ணு டூரிஸ்ட், இன்னொண்ணு பேய். நீ எதுல சேத்தி?"

"உன் காபியைக் குடிச்சா சீக்கிரம் ரெண்டாவதுல சேந்துடுவேன்."

"அதான் தினமும் வந்து நிக்கிறியே! யாரு உனக்கு அந்தச் சந்துல? ஆள் கீள் பாத்து வச்சிருக்கியா?"

"நாலாம் மாடிக்காரிக்குப் பழம் வாங்கிக் குடுக்கிறேன், போதுமா?"

மிம்மோ கோப்பை துடைப்பதை நிறுத்தினார்.

"நாலாம் மாடியா? அங்க நம்ம எத்தோரே கிழவர்தானே இருக்காரு. கண்ணும் போச்சு, நடையும் போச்சு. மக அமாலியாதான் ஊட்டி விடுறா. பாவம், அவளும் அறுபதைத் தொட்டுட்டா." கொஞ்சம் யோசித்தார். "ஆனா ரெண்டு மூணு நாளா அமாலியா கண்ணுல படலையே. அவ அண்ணன் மக கார் எடுத்துட்டு வந்து ரெண்டு பேரையும் மலைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பா. ஒவ்வொரு ஆகஸ்டும் அப்படித்தான்."

"போகலை மிம்மோ. நேத்துகூட மேலேருந்து பேசினா."

"அமாலியாவா? பேசினாளா?" சிரித்தார். "இருபது வருஷமா என்கிட்ட காபி குடிக்கிறா. 'ஒரு காபி'ங்கிறதைத் தவிர ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. அவ தெருவுல ஒருத்தியப் பேர் சொல்லிக் கூப்பிடுறாளா? வெயில் உன் தலைக்கு ஏறிடுச்சு."

இரண்டு பத்துக்குச் சந்தில் நின்றேன்.

கிரீச்...... கிரீச்......

அன்று மெதுவாக வந்தது. தண்ணீரும் பழமும் ரொட்டியும் வைத்தேன். பாதி ஏறி நின்றது. திரும்பச் சரிந்து இறங்கியது. மறுபடி ஏறியது. மேலே யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"கை வலிக்குதா?"

"ஆமாம்மா."

"நீதான் அமாலியாவா?"

கூடை ஏறி முடித்தபிறகுதான் குரல் வந்தது.

"நாளைக்கு மறந்துடாதே, அசுந்தா. என்னை விட்டா அவருக்கு யாரும் இல்ல. பசி தாங்க மாட்டாரு."

முனைவரை போய், முதல்முறையாகத் திரும்பி நிமிர்ந்து பார்த்தேன். நாலாம் மாடிப் பால்கனி தெரிந்தது. மரக் கதவுகள் இறுகச் சாத்தியிருந்தன. கூடையும் இல்லை, கயிறும் இல்லை.

வெயிலுக்குச் சாத்தியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். நடை மட்டும் தானாக வேகமானது.

வெள்ளிக்கிழமை நான் அந்தப் பக்கமே போகவில்லை. வேலை இல்லை. ஊரின் மறுகோடிக்குப் போய்த் தள்ளுபடிக் கடையில் ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். மறுநாள் மாதா விண்ணேற்புத் திருநாள். 'அசுந்தா' என்றாலே விண்ணேற்பு மாதா என்றுதான் அர்த்தம்; அதனால் என் பெயருக்குரிய நாளும் அதுதான். எனக்கு நானே வாங்கிக்கொண்ட பரிசு. திரும்பும்போது வேண்டுமென்றே குன்றுப் பக்கத்துச் சந்துகளைச் சுற்றிக்கொண்டு வந்தேன். அந்தச் சந்துக்கும் இதற்கும் அரை மணி நடை.

ஒரு ஜீவன் இல்லை. எங்கோ ஒரு வானொலி மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

அதுவும் நின்றது.

கிரீச்...

என் கால் நின்றுவிட்டது.

கிரீச்...

முகத்துக்கு நேரே கூடை. கைப்பிடியில் நீலத் துணி.

மெதுவாக நிமிர்ந்து பார்த்தேன். அந்த வீட்டில் பால்கனியே இல்லை. வெறும் சுவர். ஜன்னல்களைக்கூடச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். கயிறு அந்தச் சுவரின்மேல் ஏறி, வெயிலுக்குள் போய், எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

"அசுந்தா... அவருக்குப் பசிக்குதும்மா."

ஓடினேன். செருப்புப் பெட்டி எங்கே விழுந்தது என்று தெரியாது. ஒரு சந்து, இன்னொரு சந்து... பின்னாலேயே கிரீச், கிரீச். குரல் அழ ஆரம்பித்தது. திட்டவில்லை, மிரட்டவில்லை. வெறுமனே அழுதது. வீட்டுக்குள் நுழைந்து மூன்று தாழ்ப்பாளையும் போட்டேன்.

சனிக்கிழமை. பதினைந்து.

காலையில் மகன் போன் செய்தான். பின்னால் அலைச் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம். "வாழ்த்துகள்ம்மா, அப்புறம் பேசறேன்." அவ்வளவுதான். ஒரு துண்டு தர்பூசணியை வெட்டி வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தேன். சாப்பிடவில்லை. கடிகாரத்தையே பார்த்தேன்.

என் வீடு ஆறாம் மாடி. கடைசி மாடி. எனக்கு மேலே ஓடு, அதற்கு மேலே வானம்.

இரண்டு எட்டு.

இரண்டு ஒன்பது.

...

கிரீச்.

பால்கனிக்கு வெளியே. மேலேயிருந்து.

முதலில் தெரிந்தது கூடையின் அடிப்பாகம். பிறகு நீலத் துணி. இறங்கி, கண்ணாடிக் கதவுக்கு நேரே நின்றது. அசையவில்லை.

உள்ளே ஒரு சாவி.

குரல் இப்போது மிகப் பக்கத்தில் கேட்டது. ஓட்டுக்கும் எனக்கும் நடுவில்.

"அசுந்தா... என் கை போச்சும்மா. இனிமே தூக்க முடியல. நீயே கொண்டு போ."

"நீ யாரு?" என்று கேட்டேன். கேட்டது என் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது.

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்.

"அவரு... ரெண்டு நாளா..."

அதற்குமேல் வரவில்லை.

ஏன் போனேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தைரியம் இல்லை. தைரியசாலி என்றால் முந்தின நாள் ஓடியிருக்க மாட்டேன். பெயர்த் திருநாள் அன்று ஒரு குரல் என்னைத் தேடி வந்திருக்கிறது. அதற்கு நான் தேவைப்படுகிறேன். அதைத் தள்ள என்னால் முடியவில்லை. அவ்வளவுதான்.

கதவைத் திறந்து சாவியை எடுத்தேன். அது ஐஸ்போல் இருந்தது. கூடை மேலே போகவில்லை. நான் கண் சிமிட்டித் திறந்தபோது அது அங்கே இல்லை.

பாலும் தண்ணீரும் தர்பூசணியும் எடுத்துக்கொண்டு அந்தச் சந்துக்கு ஓடினேன். நாலு மாடி. படிக்கட்டில் விளக்கு எரியவில்லை. ஒவ்வொரு மாடியிலும் பூட்டிய கதவுகள். நாலாம் மாடிக் கதவில் சாவி பொருந்தியது.

திறந்தது.

உள்ளே இருட்டு. புழுக்கம். மூத்திர நாற்றம்.

யாரோ முனகினார்கள்.

கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒரு கிழவர். கண்ணில் வெள்ளைப் படலம். உதடு வெடித்திருந்தது. தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

"அசுந்தாவா?"

"ஆமாங்கய்யா."

"இன்னைக்கு நீ வருவேன்னு சொன்னா."

"யாருங்கய்யா சொன்னது?"

"என் மகதான். இப்பத்தான் அடுப்படிக்குப் போனா." குரலைத் தாழ்த்தினார். "நேத்து ஒண்ணும் கிடைக்கல அவளுக்கு. ராத்திரி பூரா என் பக்கத்துல உக்காந்து அழுதா. கை வேற அப்படியே சில்லுனு இருக்கும்மா. ஸ்வெட்டர் போடுன்னா கேக்க மாட்டேங்கிறா."

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு. அதில் பீச் பழக் கொட்டைகள் காய்ந்து கிடந்தன. நான் வாங்கிக் கொடுத்த ரொட்டியின் காகிதம் மடித்து வைத்திருந்தது.

அடுப்படிக்குப் போனேன். யாரும் இல்லை.

பால்கனிக் கதவைப் பார்த்தேன். உள்ளேயிருந்து தாழ்ப்பாள். தாழ்ப்பாளின்மேல் விரல்கனத் தூசி. நெம்பித் திறந்தேன். வெளியே கப்பி மட்டும் இருந்தது. துருவேறி இறுகிப்போய், என் இரண்டு கையாலும் சுற்ற முடியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. இன்னும் ஒரு பகல் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார்கள். பேய்க் கதை இங்கே முடிந்திருந்தால் நானும் என்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன். வெயில், தனிமை, என் மண்டைக்குள் இருக்கும் சொந்தச் சரக்கு என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன்.

திங்கட்கிழமை அவருடைய பேத்தி ஒர்னெல்லா மலையிலிருந்து வந்தாள். மிம்மோ சொன்ன அண்ணன் மகள். "இந்த வருஷம் லீவு கிடைக்கல, இன்னைக்குத்தான் கூட்டிட்டுப் போக வர்றதா இருந்தேன்" என்று அழுதாள். அத்தை அமாலியா எங்கே என்று போலீசில் கேட்டோம். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சந்தையில் ஒரு பெண்மணி மயங்கி விழுந்து, அங்கேயே உயிர் போய்விட்டதாம். கையில் அடையாள அட்டை இல்லை. தேடி வந்தவர்களும் இல்லை. ஆகஸ்டில் யார் யாரைத் தேடுவார்கள்?

அடையாளம் காட்ட ஒர்னெல்லாவோடு நானும் போனேன். தனியாகப் போகப் பயம் என்றாள். எனக்கு மட்டும் இல்லையா என்ன?

பிணவறைக்காரர் பெயர் எர்மான்னோ. நரைத்த மனிதர், மெதுவாகப் பேசுவார். அறை முழுக்கப் பினாயில் வாசனை. முகத்துத் துணியை விலக்கினார். "அத்தைதான்" என்றாள் ஒர்னெல்லா. அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. வெளியே ஓடினாள்.

எர்மான்னோ என்னைப் பார்த்தார்.

"இவங்க என்னம்மா வேலை பாத்தாங்க? துறைமுகத்துல கயிறு இழுக்கிற வேலையா?"

"இல்ல. வீட்லதான் இருந்தாங்க. ஏன்?"

"செவ்வாய்க்கிழமை வந்தப்போ கை ரெண்டும் சுத்தமா இருந்துச்சு. நான்தான் கழுவினேன். புதன்கிழமை காலையில திறந்தா, உள்ளங்கையில ஒரு கோடு. மறுநாள் இன்னொண்ணு. எலியோன்னு நெனச்சு வேற பெட்டிக்கு மாத்தினேன். வெள்ளிக்கிழமை பாத்தா மூணாவது."

துணியை ஒதுக்கி அந்தக் கைகளைத் திருப்பிக் காட்டினார்.

தோல் உரிந்திருந்தது. கயிற்றின் புரி அப்படியே பதிந்திருந்தது. மூன்றாவது தடம் சதைவரை போயிருந்தது.

"சனிக்கிழமை காலையில புதுசாக் கோடு இல்ல. ஆனா... ரெண்டு கண்ணும் நனைஞ்சிருந்துச்சும்மா. குளிருக்கு வேர்த்திருக்கும்னு தொடைச்சேன். மறுபடி வந்துச்சு. தொடைக்கத் தொடைக்க வந்துச்சு. அன்னைக்கு மதியத்துக்கு மேலதான் நின்னுச்சு."

எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை.